பாட வாய் வராத நாளில் துதிப்பது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

கணவர் நான்கு மாதமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். சபையில் எல்லாரும் கைதட்டிப் பாடும்போது எனக்கு வாயைத் திறக்கவே வரவில்லை. "துக்கத்தைத் தூர வைத்துவிட்டுத் துதியுங்கள்" என்கிறார்கள். துதிக்க முடியாதது அவிசுவாசமா? – ஒரு வாசகி

இல்லை சகோதரி. வேதத்தில் உள்ள சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். நூற்றைம்பது பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். அந்தப் புலம்பல்களையும் ஆலயத்தில் பாடும் பாட்டாகவே வைத்திருந்தார்கள். யோபு பிள்ளைகளை இழந்த அன்று முதலில் சால்வையைக் கிழித்தான், தலையைச் சிரைத்தான், அதன் பிறகு தரையிலே விழுந்து பணிந்துகொண்டான். அவனுடைய துக்கமும் ஆராதனையும் ஒரே வசனத்தில் இருக்கின்றன (யோபு 1:20).

உங்களுக்கு நாங்கள் சொல்லும் வழி 13-ஆம் சங்கீதம். ஆறே வசனம். முதல் இரண்டில் தாவீது நாலு முறை "இன்னும் எவ்வளவு காலம்?" என்று கேட்கிறான். அடுத்த இரண்டில் தனக்கு என்ன வேண்டும் என்பதைக் காரணத்தோடு கேட்கிறான். கடைசி இரண்டில்தான் கிருபையின்மேல் நம்பிக்கை வைத்துப் பாடுகிறான். நாலாம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் நிலைமை மாறியதாக ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். முறையிட்டு முடித்த பிறகே அவனுக்குப் பாட்டு வருகிறது.

தினமும் ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்தச் சங்கீதத்தைச் சத்தமாக ஒரு முறை வாசியுங்கள். பிறகு ஒரு நோட்டில் மூன்று பகுதி எழுதுங்கள். முதலாவது முறையீடு. "கஷ்டமாயிருக்கிறது" என்று பொதுவாக எழுதாமல், இன்று எது வலித்தது என்பதை எழுத வேண்டும். இரண்டாவது, இன்றைக்கு ஒரே ஒரு விண்ணப்பம். மூன்றாவது, இந்த நோய் வந்தும் தேவனிடத்தில் மாறிப்போகாத ஒன்று, ஒரே வாக்கியத்தில். எழுதியதை தேவனிடம் வாசித்துக் காட்டிவிட்டு, சிறு வயதிலிருந்தே மனப்பாடமாக இருக்கும் ஒரு பாட்டை அரைக் குரலில் பாடுங்கள். ஒன்று போதும்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். "நான் மகிழ்கிறேன், நான் ஆடுவேன்" என்று பாடுகிறவரின் உணர்ச்சியைச் சொல்லும் பாட்டை எடுத்தால் இரண்டாம் வரியில் தொண்டை அடைக்கும், பொய் சொல்கிறோமே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். தேவன் யார், என்ன செய்தார் என்று சொல்லும் பாட்டை எடுங்கள். உங்கள் மனம் எப்படி இருந்தாலும் அந்த வரிகள் உண்மையாகவே இருக்கும்.

மூன்றாம் பகுதி சில நாள் காலியாகவே கிடக்கலாம். 88-ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, கடைசி வரியில்கூட வெளிச்சம் இல்லை. அதையும் தேவன் வேதத்தில் வைத்திருக்கிறார். காலியாக விட்டு மறுநாள் தொடருங்கள்.

யோசபாத் ராஜா யுத்தத்தில் பாடகரைப் படைக்கு முன்னால் நிறுத்தினான், எதிரிகள் விழுந்தார்கள். நானும் நாற்பது நாள் விடாமல் துதித்தேன். கடன் அப்படியே இருக்கிறது. எங்கே தவறினேன்? – ஒரு வாசகர்

நீங்கள் துதித்ததில் தவறில்லை சகோதரரே. அந்தச் சம்பவத்தை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தில்தான் குறை. 2 நாளாகமம் 20-ஐ முதலிலிருந்து வாசியுங்கள். யோசபாத் பயந்தான், உபவாசம் கூறினான், ஜனங்களுக்கு நடுவே நின்று "என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை" என்று ஜெபித்தான். அதன் பிறகு யகாசியேல் என்ற லேவியன் மூலமாக, அந்த யுத்தத்தைக் குறித்தே ஒரு வாக்கு வந்தது. பாடகர் நிறுத்தப்பட்டது 21-ஆம் வசனத்தில். ஏற்கெனவே கிடைத்த வாக்குக்கு அவர்கள் சொன்ன ஆமென் அந்தப் பாட்டு. முன்னால் இருக்கும் இருபது வசனத்தை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்தால், துதி தேவனைக் கட்டாயப்படுத்தும் சூத்திரமாகிவிடும்.

பவுலும் சீலாவும் அடைபட்ட பிலிப்பி சிறைச்சாலையையும் இப்படித்தான் பிரசங்கிக்கிறார்கள்: பாடினார்கள், கதவு திறந்தது. பவுலும் சீலாவும் வெளியே வரத்தான் பாடினார்கள் என்றால், கதவு திறந்ததும் கிளம்பியிருக்க வேண்டும். அவர்கள் உள்ளேயே இருந்தார்கள். அதனால்தான் தன்னைக் கொலைசெய்துகொள்ளப் பட்டயத்தை உருவிய சிறைக்காரன் பிழைத்தான் (அப்போஸ்தலர் 16:27, 28). கதவு திறப்பதற்கு முன்னாலேயே அந்தப் பாட்டை மற்ற கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதையும் லூக்கா எழுதி வைத்திருக்கிறார்.

ஆபகூக் தீர்க்கதரிசி அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், மந்தை, தொழுவம் என்று ஆறு இழப்பை வரிசையாகச் சொல்லி, "ஆனாலும்" கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறான். நாற்பது நாள் முடிந்த பிறகு உங்களுக்குத் தேவை அந்த "ஆனாலும்". கடனுக்கு வேறு வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு கடனையும் அசல், வட்டி, தவணைத் தேதியோடு ஒரே தாளில் எழுதுங்கள். கொடுத்தவர்களிடம் நீங்களே முந்திப் போய்த் தவணையை மாற்றிக் கேளுங்கள். வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள். துதியையும் விடாதீர்கள். கடன்காரர் முன்னால் நிமிர்ந்து பேசும் தைரியம் அங்கேதான் கிடைக்கும்.

தினம் ஆயிரம் ஸ்தோத்திரம் சொன்னால் பலன் உண்டா?

எண்ணிக்கைக்காகச் சொன்னால், மத்தேயு 6:7-இல் ஆண்டவர் எச்சரித்த வீண் வார்த்தையாகிவிடும். ஆனால் திரும்பத் திரும்பச் சொல்வதே தவறு என்பதல்ல. 136-ஆம் சங்கீதம் ஒரே வரியை இருபத்தாறு முறை சொல்கிறது. அநேகமாக ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் ஒரு புதுக் காரணம் இருக்கிறது: வானம், சூரியன், செங்கடல், ஆகாரம். அதே மாதிரி உங்கள் வாழ்க்கையிலிருந்து பத்துக் காரணங்கள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். ஆயிரத்தைவிட அந்தப் பத்துக்கு அதிக நேரம் பிடிக்கும்.

துக்க வீட்டில் ஆறுதல் கூட்டத்துக்குப் பாடல் நடத்தச் சொல்கிறார்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி நடத்துவது? – சபைப் பாடகர் குழுவில் இருக்கும் ஒரு தம்பி

முதலில் நீதிமொழிகள் 25:20-ஐ வாசித்துவிட்டுப் போங்கள் தம்பி. மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனுக்கு ஒப்பாக அங்கே சொல்லப்பட்டிருக்கிறான். பாட்டே காயப்படுத்தும் என்று வேதமே சொல்லும்போது நாம் கவனமாக இருக்க வேண்டும்.

மொத்தம் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பாட்டு இரண்டு போதும். இறந்தவருக்குப் பிடித்த பாட்டு எது என்று வீட்டில் ஒருவரிடம் முன்னதாகவே கேளுங்கள். அதைப் பாடலாமா என்றும் கேளுங்கள், சிலருக்கு அன்றைக்கு அதைத் தாங்க முடியாது. போனதும் கீபோர்டைத் திறக்காமல் இரண்டு நிமிடம் சும்மா உட்காருங்கள். பிறகு சிறிய ஜெபம், முதல் பாட்டில் இரண்டு சரணம், ஒரு சங்கீதம், இரண்டாவது பாட்டு, ஜெபம்.

அழுத குரல் மேலே ஏறாது. வழக்கமான ஸ்கேலிலிருந்து ஒரு முழு டோன் இறக்குங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் மைனஸ் இரண்டு. டெம்போ நிமிடத்துக்கு 60 முதல் 70 வரை இருக்கட்டும். துக்க வீடுதானே என்று அதற்கும் கீழே இழுத்தால் வரி முடிவதற்குள் மூச்சு தீர்ந்து, பாட்டு நடுவில் அறுந்துபோகும். ரிதம் வேண்டாம், பியானோ சத்தம் மட்டும். இருபது பேர் இருக்கும் அறையில் மைக் எதற்கு? கடைசிச் சரணத்தில் ஸ்கேலை ஏற்றுவது, பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடுவது இரண்டையும் விட்டுவிடுங்கள்.

நடுவில் யாராவது கதறினால் உடனே நிறுத்த வேண்டாம். அறை முழுவதும் அவரைத் திரும்பிப் பார்க்கும். ராகத்தை விடாமல் பிடித்துக்கொள்ள ஒருவரை முன்பே சொல்லி வையுங்கள், மற்றவர்கள் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். "ஒரு அல்லேலூயா சொல்லுங்கள்" என்று குடும்பத்தாரைக் கேட்காதீர்கள். அவர்களுக்குப் பதிலாக நாம் பாடத்தான் போயிருக்கிறோம். ஜெயப் பாடல்களுக்கு வேறு நாள் வரும். குழந்தையை இழந்த வீடானால் ஒரே பாட்டோடு முடித்துவிட்டு, பேசாமல் கூட இருங்கள்.

தூக்கமில்லை, பசியில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது. துதித்தால் சரியாகிவிடும், மாத்திரை வேண்டாம் என்கிறார்கள்.

இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். இந்தக் கடிதத்தில் எழுதியதை நெருங்கிய ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள், இரவில் தனியாக இருக்காதீர்கள். மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது தேவதூதன் அவனைப் பாடச் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான் (1 இராஜாக்கள் 19). ஓரேப் மலைக்கு அவன் நடந்து போனதும் கர்த்தரின் சத்தத்தைக் கேட்டதும் அதற்குப் பிறகு. உங்களுக்குப் பாடும் பெலன் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பாட, சபையில் இரண்டு பேரைக் கேளுங்கள்.