காலையில் கண் விழித்ததும்: கேள்வி பதில்

மனநல ஆலோசகராக இருக்கிறேன். விழித்ததும் வரும் எண்ணங்கள், நன்றி சொல்லும் பழக்கம் பற்றிக் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நன்றியோடு எழ வேண்டும் என்கிறார்கள். எனக்கோ விழித்த நொடியே கவலைதான் வருகிறது. என்னிடம் ஏதாவது கோளாறா?

இல்லை. தூக்கம் கலைந்ததும் மூளை முழுவதும் ஒரே நேரத்தில் விழித்துவிடுவதில்லை. நிதானமாக யோசிக்க உதவும் முன்பகுதி தாமதமாகத்தான் தெளியும். இந்த மந்தம் பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடம் இருக்கும், தூக்கம் போதாதவர்களுக்கு இன்னும் கூட. இன்னொரு பக்கம், விழித்த பிறகு கார்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பு ஏறிக்கொண்டே போய் 30, 45 நிமிடத்தில் உச்சத்தைத் தொடுகிறது. அன்றைய பாட்டைத் தாங்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. ஆக, உடம்பு பரபரப்புக்குத் தயார், சீர்தூக்கிப் பார்க்கும் அறிவு இன்னும் தயாரில்லை. அந்த நேரத்தில் சின்னக் கடன்கூட மலையாகத் தெரியும்.

தானாக வரும் முதல் எண்ணத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. அதை விரட்டவும் வேண்டாம். எழுந்து முகம் கழுவி வெளிச்சத்துக்கு வாருங்கள். நன்றியை அதற்குப் பிறகு நினைத்தால் போதும்.

போனில் ஒரு நன்றிச் செயலி வைத்திருக்கிறேன். படுக்கையிலேயே எழுதலாமா?

வேண்டாம். திறந்ததும் முதலில் கண்ணில் படுவது பிறர் அனுப்பிய செய்திகள்தான். உங்கள் எண்ணம் அவர்கள் பின்னால் போய்விடும்.

மூன்று விஷயம் தினமும் எழுதிவந்தேன். சலித்துவிட்டது, பொய்யாகவும் படுகிறது.

இது அடிக்கடி நடப்பது. ஆலோசனைக்கு வந்த ஒருவரின் நோட்டைப் பார்த்தேன். பக்கம் பக்கமாக "குடும்பம், ஆரோக்கியம், வேலை". போகப்போகக் கையெழுத்து கிறுக்கலாகி, கடைசிப் பக்கங்களில் "கு, ஆ, வே" என்று எழுத்துகள் மட்டும். ஒரே ஒரு வரி போதும், அதில் ஒரு ஆளும் ஒரு செயலும் இருக்கட்டும் என்றேன். அடுத்த முறை கொண்டுவந்த நோட்டில் இருந்தது: "கரண்ட் போனபோது நான் மருந்து தேடி முடிக்கும்வரை அக்கா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்." அந்த வரியைப் படிக்கும்போது அவர் குரலே வேறாக இருந்தது.

தினமும் எழுதியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வின் முதல் சோதனையில் பங்கேற்றவர்கள் வாரம் ஒருமுறைதான் எழுதினார்கள், மொத்தம் 10 வாரம். தொல்லைகளைப் பட்டியல் போட்டவர்களைவிட நன்றிக்குரியதை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். எழுதுவது கடமையாகிவிட்டதென்றால் சில நாள் விட்டுவிடுங்கள்.

கனவில் விழுவதுபோல் வந்து திடுக்கிட்டு எழுகிறேன். பலன் என்ன?

கனவுப் பலன் என் துறை இல்லை.

இரவு ஷிப்ட். மதியம்தான் எழுகிறேன்.

நீங்கள் எழும் நேரம்தான் உங்களுக்குக் காலை.

அலாரம் போனில்தான் இருக்கிறது. நிறுத்தும்போது ஒரு நிமிடம் பார்த்தால் தப்பா?

மேலே சொன்னதேதான். தனிக் கடிகாரம் வாங்குங்கள்.

நம்மைவிடக் கஷ்டப்படுபவர்களை நினைத்துத் தினமும் நன்றி சொல்கிறேன். சரிதானே?

இதை மட்டும் செய்யாதீர்கள். இன்னொருவரின் நோயையும் வறுமையையும் நம் நிம்மதிக்கு முட்டுக்கொடுப்பது நன்றி ஆகாது. நாளை அதே நோய் நமக்கு வந்தால் அந்த நிம்மதி எங்கே போகும்? உங்களுக்கு யார் என்ன செய்தார்கள் என்று மட்டும் பாருங்கள்.

உழைப்பைச் சுரண்டும் இடத்தில் வேலை. "வேலை இருக்கிறதே, நன்றி சொல்" என்கிறார்கள். பொறுத்துப்போகச் சொல்வதற்கு இது நல்ல பெயர், அவ்வளவுதான்.

உங்களோடு நானும் உடன்படுகிறேன். சம்பளம் உங்கள் உழைப்புக்குக் கிடைக்கும் உரிமை. அதைக் கொடுப்பவருக்கு நன்றிக்கடன் கிடையாது. பக்கத்து மேசைக்காரர் உங்கள் வேலையையும் சேர்த்துச் செய்தாரா? நன்றி அவருக்கு.

(மேலே கேட்டவரே) அப்படி நினைத்தால் கோபம் தணிந்துவிடும். எனக்குக் கோபம் தேவை.

தணிய வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். உங்களுக்காகப் பேசியவரை மறக்காமல் இருப்பதும், உங்களை ஏய்த்தவரை எதிர்ப்பதும் ஒரே மனதில் இருக்கலாம். கூட நிற்பவர்கள் யார் என்று தெரிந்தவர்தான் தைரியமாக எதிர்க்கிறார். நன்றி சொன்னதும் கோபம் அடங்கியாக வேண்டும் என்று யாராவது கேட்டால், அவர் கேட்பது உங்கள் மௌனத்தை. கொடுக்காதீர்கள்.

நான் நடுவில் வரலாமா? வீட்டில் அடிக்கும் கணவரிடமும் நல்லதைப் பார் என்கிறார்கள்.

பார்க்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள், பாதுகாப்பான இடம்தான் முதலில். நன்றிப் பயிற்சி எதுவும் இப்போது உங்களுக்குத் தேவையில்லை.

போனை ஏரோப்ளேன் மோடில் வைத்தால்?

மூன்றாவது முறை. அடுத்த அறையில் வையுங்கள்.

விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது, மறுபடி தூக்கமில்லை. காலையில் நெஞ்சு கனக்கிறது, மாலையில் கொஞ்சம் பரவாயில்லை. ஒரு மாதமாக இப்படி. நன்றி எழுதினால் சரியாகுமா?

எழுதிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். சீக்கிரம் விழிப்பதும், காலையில் பாரம் கூடி மாலையில் குறைவதும் மனச்சோர்வு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். இரண்டு வாரம் நீடித்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும், உங்களுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. சிகிச்சை இருக்கிறது, பலனும் தரும். எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள், பாரம் எப்போது குறைகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள். உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு வருகிறதென்றால் வீட்டில் ஒருவரிடம் இப்போதே சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு இன்றே போங்கள்.