பியானோ இல்லாவிட்டால் என்ன?

கேள்வி: வணக்கம் டீச்சர். கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடியில் நானும் 11 வயது மகனும் மட்டும்தான். பேரங்காடியில் மதியம் தொடங்கி இரவு 10 மணி வரை வேலை. அவன் பள்ளி விட்டு வந்ததும் கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு கைப்பேசியோடு இருக்கிறான். அக்கா பிள்ளைகளுக்கு நீச்சல், பியானோ, விடுமுறைக்குக் கேமரன் மலை. என் பையன் பின்தங்கிவிடுவானோ?

பதில்: பியானோ கவலையை விடுங்கள் அம்மா. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 6,188 பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றிக் கேட்ட ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. மனசில் இருப்பதை வீட்டில் சொல்ல முடிந்ததா, கஷ்டத்தில் குடும்பம் கூட நின்றதா, வீட்டில் பயமில்லாமல் இருந்தீர்களா, கூட்டாளிகள் துணை இருந்ததா, இடைநிலைப்பள்ளியில் ஒட்டுதல் இருந்ததா, ஊர் விழாக்களில் ஆசையாகக் கலந்துகொண்டீர்களா, பெற்றோர் அல்லாத இரண்டு பெரியவர்களாவது உங்கள்மேல் அக்கறை காட்டினார்களா என ஏழே கேள்விகள். ஆறேழுக்கு ‘ஆமாம்’ என்றவர்களிடம், இரண்டுக்கு மேல் சொல்ல முடியாதவர்களைவிட மனச்சோர்வு வெகு குறைவு. சின்ன வயதில் நிறையக் கஷ்டங்களைச் சந்தித்தவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது.

‘இதற்கெல்லாம் காசா வேண்டும்?’ என்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பள்ளியில் பூப்பந்துப் பயிற்சி இலவசம்தான். ஆனால் பள்ளிப் பேருந்து அதற்கு முன்பே கிளம்பிவிடும். கூட்டிப்போக ஆள் உள்ள பிள்ளைதான் அணியில் நிற்பான். நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் அம்மா பால் வெட்டப் போனால், பக்கத்து லயத்துப் பெரியம்மா சோறு போட்டு, “பாடம் எழுதினியா?” என்று கேட்பார். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற பிறகு நகரத்துக்கு வந்த நம் குடும்பங்களுக்கு அப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம். அது உங்கள் குற்றமே இல்லை.

வகுப்பாசிரியரிடம் உங்கள் வேலை நேரத்தைச் சொல்லி, உங்கள் பிளாக்கிலிருந்து யார் பயிற்சிக்குப் போகிறார்கள் என்று விசாரியுங்கள். காலையில் மைலோ கலக்கும்போது, நேற்று யாரோடு விளையாடினான் என்று கேளுங்கள். மார்க் பேச்சு அப்புறம். தைப்பூசத்துக்குத் தெரிந்தவர்களின் தண்ணீர்ப் பந்தலில் அவனை மோர் ஊற்ற விடுங்கள்.

கார் வைத்திருக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பயிற்சி முடிந்து பிள்ளையை அழைத்துவரும்போது பின்சீட்டில் இடம் இருக்கும். வகுப்பில் யாருக்கு வண்டி இல்லை என்பது உங்கள் பிள்ளைக்கே தெரியும், இன்று இரவே கேளுங்கள்.