பிளஸ் டூ முடித்த மகனைப் பைலட் பயிற்சியில் சேர்க்க எவ்வளவு பணம் வேண்டும்? பள்ளியை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

40 லட்சத்தில் சி.பி.எல். (சம்பளத்துக்கு விமானம் ஓட்டத் தேவையான வணிக பைலட் உரிமம்) முடித்துத் தருவதாக ஒரு பள்ளி சொல்கிறது, நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொகையைப் பிறகு பார்ப்போம். அந்தப் பள்ளியில் ஒரு மாணவர் மாதம் எத்தனை மணி நேரம் பறக்கிறார் என்று முதலில் கேளுங்கள். பட்ஜெட் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

கணக்கு எளிது. பறக்கும் நிலையில் 8 விமானங்கள், ஒவ்வொன்றும் நாளுக்கு 4 மணி நேரம், வானிலை இடம்கொடுக்கும் நாட்கள் மாதம் 22 என்று வையுங்கள். மொத்தம் 704 மணி நேரம். மாணவர்கள் 50 பேர் என்றால் ஆளுக்கு 14 மணி. 200 மணி நேரத்தை 14, 15 மாதங்களில் முடிக்கலாம். அதே பள்ளி 100 பேரைச் சேர்த்திருந்தால் ஆளுக்கு 7 மணிதான், பயிற்சி 28 மாதத்துக்கு இழுக்கும். விடுதி, சாப்பாடு, கடன் வட்டி எல்லாம் இரட்டிப்பாகும். இணையதளத்தில் "20 விமானங்கள்" என்று இருக்கும். அவற்றில் எத்தனை விமானங்கள் மாற்று எஞ்சினுக்காகக் காத்துக்கொண்டு ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) நிற்கின்றன என்பதுதான் விஷயம். ஒரு வேலைநாள் காலையில் நேரில் போய்ப் பறப்பவற்றை எண்ணுங்கள். அண்மையில் முடித்த இரண்டு மூன்று பேரின் லாக்புக்கில் (பறந்த நேரத்தைப் பதியும் ஏட்டில்) முதல் பறப்புத் தேதியையும் கடைசித் தேதியையும் பாருங்கள். காட்டத் தயங்கினால் அதுவே பதில்.

தாமதத்தில் இன்னொரு வில்லங்கம் உண்டு. சி.பி.எல்.லுக்கு மொத்தம் 200 மணி, அதில் 100 மணி பைலட்-இன்-கமாண்டாக (விமானத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்று), 300 கடல் மைல் கிராஸ் கன்ட்ரி (வேறு விமான நிலையங்களுக்குப் போய் வரும் நெடும்பறப்பு), 10 மணி இன்ஸ்ட்ருமென்ட் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது), 5 மணி இரவுப் பறப்பு ஆகியவை வேண்டும். இவற்றோடு ஸ்கில் டெஸ்ட்டுகளும் (தேர்வாளர் முன் பறந்து காட்டும் சோதனைகள்) உண்டு; அந்த டெஸ்ட்டுகள் விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 6 மாதத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். பகல் டெஸ்ட் முடித்து இரவு டெஸ்ட்டுக்கு விமானம் கிடைக்காமல் காத்திருந்தால் பழையது காலாவதியாகி, சொந்தக் காசில் மறுபடி பறக்க நேரிடும். எழுத்துத் தேர்வு பாக்கி இருந்தாலும் இதே கதைதான். அதனால் நேவிகேஷன், மீட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஜெனரல் தாள்களைப் பறக்கத் தொடங்கும் முன்பே எழுதிவிடுவது நல்லது. தேர்ச்சிக்கு 70 சதவீதம் வேண்டும்.

ஓடுபாதையில் இரவு விளக்கு இருக்கிறதா, பயணிகள் விமானங்கள் எத்தனை வருகின்றன என்றும் விசாரியுங்கள். நெரிசலான நிலையத்தில் எஞ்சினை ஓடவிட்டு வரிசையில் நிற்கும் நேரமும் உங்கள் கணக்கில்தான் ஏறும். லாக்புக் நிரம்பும், கை பழகாது. வட இந்தியா என்றால் டிசம்பர், ஜனவரி மூடுபனியையும், தமிழ்நாடு என்றால் வடகிழக்குப் பருவமழையையும் கழித்துக்கொள்ளுங்கள்.

விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. 2025 அக்டோபரிலிருந்து பள்ளிகளைத் தரவரிசைப்படுத்துகிறது. முதல் பட்டியலில் மிக உயர்ந்த தரங்களான ஏ++, ஏ+ இரண்டிலும் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை. "நாங்கதான் நம்பர் ஒன்" என்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இனிப் பணம். இந்தியாவில் மல்டி எஞ்சின் (ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின் உள்ள விமானம்), இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (உரிமத்தில் சேரும் கூடுதல் தகுதிகள்) சேர்த்துப் பயிற்சிக்கு மட்டும் 45 முதல் 60 லட்சம் என்று வையுங்கள். 40 லட்சம் என்பவர்கள் வழக்கமாக மல்டி எஞ்சினை வெளியே விட்டிருப்பார்கள்; அதன் மணிக் கட்டணம் ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானமான செஸ்னா 172-ஐப் போல இரண்டு மூன்று மடங்கு. கிரவுண்ட் கிளாஸ் (எழுத்துத் தேர்வுக்கான வகுப்பு) தனி. விடுதியும் சாப்பாடும் மாதம் 15,000 முதல் 20,000. மெடிக்கல், தேர்வுகள், ரேடியோ உரிமம், ஹெட்செட் எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு லட்சத்தைத் தின்றுவிடும். மொத்தத்தில் 15 சதவீதத்தைத் தொடாமல் வையுங்கள், கூடுதல் மணிகளுக்குக் கட்டாயம் தேவைப்படும்.

ஒப்பந்தத்தில் எரிபொருள் விலையேற்றம் யார் தலையில், 200-க்கு மேல் ஒரு மணிக்கு என்ன கட்டணம், நடுவில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். முழுத்தொகையை முன்கூட்டிக் கட்டவே கட்டாதீர்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணை என்று பேசுங்கள். டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த பறப்புப் பயிற்சிக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு என்று 2024-லேயே தெளிவுபடுத்திவிட்டார்கள்; பில்லில் 18 சதவீதம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். வட்டிக்கு 8 ஆண்டு வரை வரிக்கழிவு கிடைக்கும், ஆனால் பழைய வரிமுறையில் மட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் மெடிக்கல். பயிற்சியில் சேரப் போதுமான கிளாஸ் 2 மருத்துவச் சான்றை மட்டும் எடுத்துவிட்டுப் பணம் கட்டி, பாதியில் சி.பி.எல்.லுக்குத் தேவையான, இன்னும் கடுமையான கிளாஸ் 1-இல் கண்ணோ இதயமோ காரணமாகத் தடைபடுகிறவர்கள் உண்டு. இரண்டையும் முடித்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

ஏர்பஸ் ஏ320 டைப் ரேட்டிங்குக்கு (அந்த ரகப் பயணிகள் விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி) மேற்கொண்டு 15 லட்சம் போல ஆகும். அதை இப்போதே பேக்கேஜாக விற்க வருவார்கள், வாங்க வேண்டாம். எந்த விமானத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பது லைசன்ஸ் கைக்கு வரும் நேரத்தில்தான் தெரியும்.