வினையூக்கி வினையில் கலந்துகொள்ளாமலே எப்படி வினையை வேகப்படுத்துகிறது? நொதியும் அப்படித்தானா?

கலந்துகொள்கிறது. நொதியும் (உயிரினங்களின் செல்கள் உருவாக்கும் வினையூக்கி) அப்படித்தான். "வினையில் ஈடுபடாமல் வேகத்தை மட்டும் கூட்டும் பொருள்" என்று மனப்பாடம் செய்ததால் வந்த குழப்பம் இது. எதையும் தொடாமல் ஒரு பொருள் எப்படி வேகத்தைக் கூட்டும்? நடுவில் அதுவும் வினைபுரிகிறது, முடிவில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

புண் கழுவ மருந்துக்கடையில் வாங்குகிறோமே ஹைட்ரஜன் பெராக்சைடு, அதையே எடுத்துக்கொள்வோம். ஆற்றல் கணக்குப்படி அது நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைய வேண்டிய பொருள். ஆனாலும் பாட்டிலில் மாதக்கணக்கில் தாங்குகிறது. உடைவதற்கு முதலில் மோலுக்குச் சுமார் 75 கிலோஜூல் கிளர்வு ஆற்றல் வேண்டும். அறை வெப்பநிலையில் அந்த அளவு ஆற்றலை எட்டும் மூலக்கூறுகள் மிகச் சொற்பம்.

இப்போது ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பெராக்சைடு ஊற்றி (கையில் படாமல்), நறுக்கிய பச்சை உருளைக்கிழங்கைப் போடுங்கள். வெட்டிய பக்கத்தில் வெள்ளையாக நுரை கட்டி மேலே ஏறும். ஊதுபத்தியின் கனலை அந்த நுரைக்குச் சற்று மேலே பிடித்தால் பளிச்சென்று பிரகாசிக்கும். வருவது ஆக்சிஜன். கிழங்கின் செல்களில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதியின் வேலை இது. நம் ரத்தத்திலும் அது இருப்பதால்தான் புண்ணில் ஊற்றினாலும் நுரைக்கிறது.

கேட்டலேஸுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. அதன் உட்பகுதியில் ஹீம் என்ற வளைய வடிவ அமைப்பு இருக்கிறது, ஹீமின் நடுவில் ஓர் இரும்பு அணு. முதல் பெராக்சைடு மூலக்கூறு வந்து அந்த இரும்பில் ஒட்டுகிறது. அதன் இரண்டு ஆக்சிஜன்களுக்கு இடையிலான பிணைப்பு அங்கே அறுந்து, ஓர் ஆக்சிஜன் இரும்போடு தங்கிவிடுகிறது. மற்றது நீராக வெளியேறுகிறது. இந்தக் கட்டத்தில் நொதி பழைய நொதி அல்ல, வேறொரு சேர்மம். அப்புறம் இரண்டாவது பெராக்சைடு வந்து தன் இரண்டு ஹைட்ரஜன்களையும் கொடுக்க, தங்கியிருந்த ஆக்சிஜன் நீராகப் போகிறது. ஹைட்ரஜனை இழந்த இரண்டாவது மூலக்கூறு ஆக்சிஜன் வாயுவாகக் கிளம்புகிறது. இரும்பு பழையபடி காலியாகி அடுத்ததற்குத் தயார். ஒரு கேட்டலேஸ் மூலக்கூறால் நொடிக்குப் பல லட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளை இப்படி உடைக்க முடியும்.

கலந்துகொள்கிறது என்பதற்குச் சான்று வேண்டுமா? சயனைடு அந்த இரும்பில் போய் ஒட்டிக்கொண்டால் கேட்டலேஸ் முடங்கிவிடும். கார் புகைக்குழாயில் இருக்கும் பிளாட்டினம் வினையூக்கியும் அப்படித்தான்: அந்தக் காலப் பெட்ரோலில் இருந்ததுபோல ஈயம் இருந்து மேலே படிந்தால் கெட்டுவிடும். 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் வினையூக்கி பொருத்திய கார்கள் வந்தபோது, கூடவே ஈயமில்லாப் பெட்ரோலும் வர வேண்டியிருந்தது அதனால்தான். சும்மா பக்கத்தில் நிற்கும் பொருளாக இருந்தால் மேலே எது படிந்தால் என்ன?

"கிளர்வு ஆற்றலைக் குறைக்கிறது" என்ற வழக்கமான வரியையும் கவனமாகப் படியுங்கள். பழைய வழியின் 75 கிலோஜூல் தடை அப்படியேதான் இருக்கிறது. வினையூக்கி திறப்பது சின்னச் சின்னத் தடைகள் கொண்ட வேறு வழி. அறை வெப்பநிலையில் தடை 5.7 கிலோஜூல் குறைந்தாலே, மற்றவை மாறாதிருந்தால், வேகம் சுமார் 10 மடங்கு கூடும். 17 கிலோஜூல் குறைந்தால் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு!

நொதிக்கு மட்டும் உள்ள சிக்கல் அதன் வடிவம். நொதி ஒரு புரதம். சரியாக மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். அதே கிழங்கை வேகவைத்து, ஆறவிட்டுப் போட்டால் நுரை வராது. பெராக்சைடை உடைக்கும் இன்னொரு வினையூக்கியான மாங்கனீஸ் டைஆக்சைடு புரதம் அல்ல, அதற்கு அந்தக் கவலை இல்லை, கொதிக்கவைத்துப் போட்டாலும் நுரைக்கும்.

ஒன்றை மட்டும் எந்த வினையூக்கியாலும் செய்ய முடியாது: சமநிலையை (முன்னோக்கு, பின்னோக்கு வினைகள் ஒரே வேகத்தில் நடந்து அளவுகள் மாறாமல் நிற்கும் நிலையை) நகர்த்துவது. முன்னோக்கு வினையையும் பின்னோக்கு வினையையும் அது ஒரே விகிதத்தில்தான் விரைவுபடுத்தும். யூரியாவுக்கான அம்மோனியாவை ஹேபர் முறையில் தயாரிக்கும்போது நைட்ரஜனின் முப்பிணைப்பை வினையூக்கியான இரும்பின் பரப்புதான் உடைக்கிறது (இதைப் படிப்படியாகக் காட்டிய கெர்ஹார்ட் எர்ட்லுக்கு 2007-இல் வேதியியல் நோபல் கிடைத்தது). ஆனால் அந்த இரும்பு நன்றாக வேலை செய்ய 400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அந்தச் சூட்டில் சமநிலை அம்மோனியாவுக்கு எதிராக இருக்கும். அதனால் நூறு மடங்குக்கும் மேலான வளிமண்டல அழுத்தம் கொடுத்து, வினைபுரியாத வாயுவைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறார்கள். உளுந்துச் செடியின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரஜனேஸ் என்ற நொதியால் அதே முப்பிணைப்பை வயல் மண்ணின் வெப்பநிலையிலேயே உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. அதற்கும் செலவு உண்டு: ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்குக் குறைந்தது 16 ஏடிபி (செல்கள் ஆற்றலுக்குச் செலவிடும் மூலக்கூறு).