சிவில் மாணவர்கள் கன்சல்டன்சியில் பயிற்சிக்குப் போவது பயன்படுமா?

கேள்வி: சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தொழிற்பயிற்சிக்குக் கட்டுமான சைட்டுக்குப் போவதா, ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்சி அலுவலகத்துக்குப் போவதா? அலுவலகத்தில் சும்மா உட்கார வைத்துவிடுவார்கள் என்று சீனியர்கள் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்:

தூண், பீம் அளவுகளைக் கணக்கிட்டு வரைந்து தரும் கன்சல்டன்சிக்கே போங்கள். ஆனால் சேரும் முன்பே ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் வரைந்து கொடுத்த கட்டடம் ஒன்றாவது இப்போது வேலை நடக்கும் நிலையில் இருக்கிறதா, அங்கே உங்களைக் கூட்டிப் போவார்களா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

எனக்கு ஊர் தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்குப் பக்கம். நாகர்கோவில் பக்கம் படித்தாலும் பயிற்சிக்குத் திருவனந்தபுரத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். காலையில் கேரளா பஸ் ஏறினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் தம்பானூர் பஸ் நிலையம். அலுவலகத்தில் மலையாளம்தான். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அது ஒரு சிக்கலே இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலை எடுக்கும் சிறிய நிறுவனம் அது. பெரும்பாலும் வீடுகள், இரண்டு மூன்று மாடி வணிகக் கட்டடங்கள், எப்போதாவது ஒரு பள்ளிக்கூடம்.

சும்மா உட்கார வைப்பார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் சில நாட்கள் எனக்கும் கணினி தரவில்லை. பழைய வரைபடக் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். இதைத்தான் பலரும் நேரத்தை வீணடிப்பது என்கிறார்கள். எனக்கு அது மிகப் பெரிய பாடமாக இருந்தது. டிராஃப்டிங் பார்த்த சேச்சி ஒருவர், ஆர்க்கிடெக்ட் கொடுத்த பிளானையும் எங்கள் அலுவலகத்தின் தூண் வரைபடத்தையும் அருகருகே விரித்து, "மோளே, ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாரு" என்றார். கதவு வர வேண்டிய இடத்தில் தூண் நிற்கிறதா, குளியலறைத் தளம் தாழ்த்திய இடம் இரண்டிலும் ஒன்றுதானா, படிக்கட்டின் நடுத்திண்ணை தாங்கும் பீம் எங்கே போய் முடிகிறது என்று சிவப்புப் பேனாவால் குறிக்க வேண்டும். நான்கு வருடம் கல்லூரியில் படித்தாலும் இந்தப் பழக்கம் வராது. ஏனென்றால் அங்கே நமக்குத் தருவது எப்போதும் ஒரே ஒரு படம்.

அடுத்து அலுவலகத்து இன்ஜினியர் சார் கேட்ட கேள்வி இதுதான்: "இந்த நடுத் தூணுக்கு ஒரு மாடியிலிருந்து எவ்வளவு பாரம் வரும்? கையால போட்டுச் சொல்லு." இந்தக் கணக்கைப் போடும் ஸ்டாட் புரோ, ஈடாப்ஸ் என்ற சாஃப்ட்வேர்கள் அந்த அலுவலகத்தில் இருந்தன. ஆனால் கைக்கணக்கு மேசைக்கு வராமல் யாரும் அவற்றைத் திறக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம்.

கணக்கு எளிதுதான். 125 மி.மீ. தடிமன் கான்கிரீட் தளத்தின் சொந்த எடை சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டனுக்குச் சற்று மேல். தரைப் பூச்சு, டைல்ஸ் எல்லாம் சேர்த்து 1. வீட்டு அறைக்கு இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமை, அதாவது ஆட்கள், சாமான்களின் எடை, 2. மொத்தம் 6.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூண் தாங்கும் பரப்பு 4 மீட்டருக்கு 3.5 மீட்டர், அதாவது 14 சதுர மீட்டர். ஆக 86 கிலோநியூட்டன். இதோடு நிறுத்தத்தான் கை போகும். ஆனால் பீம்களின் மேல் 9 அங்குலச் செங்கல் சுவர் நிற்கிறதே? 2.6 மீட்டர் உயரச் சுவர் பூச்சோடு சேர்ந்து மீட்டருக்கு 12 கிலோநியூட்டன் வரும். தூணுக்குச் சேர வேண்டிய சுவர் நீளம் 7.5 மீட்டர் என்றால் 90. மனிதர் நடக்கும் தளத்தைவிடச் சுவரின் கனம் அதிகம்! பீமின் எடை 12 சேர்த்தால் மொத்தம் 190 கிலோநியூட்டனுக்குப் பக்கம், கிட்டத்தட்ட 19 டன்.

இந்த ஒரு கணக்கைப் போட்ட பிறகு நான் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் சுவரைத்தான் முதலில் பார்க்கிறேன். ஏ.ஏ.சி. பிளாக் (உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. அதன் எடை செங்கல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சாஃப்ட்வேர் இதையெல்லாம் போடும், சரி. ஆனால் சுவர்ப் பாரத்தை உள்ளிட மறந்தால் அது ஒரு கேள்வியும் கேட்காமல் அழகான வண்ணப் படத்தோடு விடை தந்துவிடும். கையில் 190 என்ற எண் இருந்தால்தான் திரையில் 100 என்று வரும்போது கை நிற்கும்.

இனி மண். எங்கள் பகுதியைச் சேர்ந்தவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

குமரி மேற்கிலும் திருவனந்தபுரம் பக்கத்திலும் மேலே வெட்டுக்கல், அதாவது செம்பாறை. கடப்பாரை போட்டால் கை வலிக்கும். இதைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர்கள், "சார், பாறை மாதிரி இருக்கு. இதுக்குப் போய் எதுக்கு மண் பரிசோதனை, வாணம் தோண்டி வேலையைத் தொடங்கலாமே" என்பார்கள். வெட்டுக்கல்லின் குணம் வேறு. மேல் ஓடுதான் கெட்டி. அதற்குக் கீழே பல இடங்களில் வெளுத்த, மெத்தென்ற களிமண் இருக்கும். மழைக்காலத்தில் நீர் இறங்கினால் அது இன்னும் இளகும்.

துளைபோட்டுச் சோதிக்கும் இடத்துக்கு என்னை அனுப்பினார்கள். மூன்று கால் நட்டு, 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு விட்டு, அடியில் உள்ள குழாயை மண்ணுக்குள் இறக்குகிறார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் வராது. அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி விழுந்தது என்பதைத்தான் 'N' மதிப்பு என்கிறார்கள். நான் நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். மேலே 30-க்கு மேல் போன எண், 5 மீட்டர் தாண்டியதும் 10-க்குள் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரருக்கும் அது தெரிந்தது. அடிகள் டக்டக்கென்று விழ, குழாய் எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது.

கடைக்கால் (அஸ்திவாரம்) மேலே கெட்டியான இடத்தில்தானே உட்காரப் போகிறது, கீழே எப்படி இருந்தால் என்ன என்று கேட்கலாம். கடைக்கால் தரும் அழுத்தம் அதன் அகலத்தைப் போல் ஒன்றரை இரண்டு மடங்கு ஆழம் வரை போகும். 1.5 மீட்டர் ஆழத்தில் 2 மீட்டர் அகலக் கடைக்கால் வைத்தால், அது 5 மீட்டருக்குக் கீழே உள்ள மண்ணையும் தொடும். மண்ணின் தாங்குதிறனைச் சதுர மீட்டருக்கு 150 கிலோநியூட்டன் என்று எடுப்பதா 100 என்று எடுப்பதா என்பதில் என்ன வித்தியாசம் வருகிறது பாருங்கள். தூணில் 400 கிலோநியூட்டன் வந்து, கடைக்காலின் சொந்த எடைக்கு பத்து சதவீதம் சேர்த்தால் 440. முதல் கணக்கில் 1.75 மீட்டர் சதுரம் போதும். இரண்டாவதில் 2.1 மீட்டர் சதுரம் வேண்டும். ஒரு வீட்டில் பன்னிரண்டு தூண் இருந்தால் கம்பியும் ஜல்லியும் எவ்வளவு கூடும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். அந்தச் செலவு வீட்டுக்காரருக்குக் கசக்கத்தான் செய்யும். ஆனால் சுவரில் விரிசல் விழுந்த பிறகு கடைக்காலை அகலப்படுத்துவது என்பது இதைவிடப் பல மடங்கு செலவு, பல மடங்கு தொல்லை.

அலுவலகத்தில் தினமும் நடக்கும் இன்னொரு வழக்கு, தூணின் அகலம். சுவர் 230 மி.மீ., தூணும் 230-க்குள் அடங்கி மறைந்துவிட வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். மூலையில் துருத்திக்கொண்டு நின்றால் கட்டில் போட முடியாது, அலமாரி வைக்க முடியாது. நியாயமான ஆசைதான். ஆனால் ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்புப்படி கேரளம் முழுவதும் மூன்றாம் நிலநடுக்க மண்டலம். அதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஐ.எஸ். 13920-இன் 2016 பதிப்பு, தூணின் குறுகிய பக்கம் 300 மி.மீ.-க்குக் குறையக் கூடாது என்கிறது.

விதி சொல்கிறது என்று மட்டும் சொன்னால் யாருக்கும் மனதில் நிற்காது. சார் ஒரு தாளில் தூண் குறுக்குவெட்டை முழு அளவில் வரையச் சொன்னார். 230-இல் இரண்டு பக்கமும் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட், 40 போனால் மீதி 150. தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் 8 மி.மீ. வளையம் இரண்டு பக்கமும் போனால் 134. மூலைக் கம்பி 16 மி.மீ. இரண்டு போனால் 102. இந்த 102-க்குள் பீமின் மேல்பக்கக் கம்பிகள், 20 மி.மீ. கனத்தில் மூன்று, நுழைந்து போக வேண்டும். கம்பிகளே 60 எடுத்துக்கொள்ளும். மீதி 42, இரண்டு இடைவெளிக்கும் ஆளுக்கு 21. போடப் போவதோ 20 மி.மீ. ஜல்லி. கம்பிக்கு நடுவே ஜல்லி அளவைவிட 5 மி.மீ. கூடுதலாக, 25 இருக்க வேண்டும் என்பது கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 விதி. அதாவது பீமும் தூணும் சேரும் இடத்தில், கட்டடம் முழுவதும் நம்பி நிற்கும் இடத்தில், கான்கிரீட் இறங்காது. சாஃப்ட்வேர் "சரி" என்று பச்சை காட்டிய பீம்தான் அது. தூணை 300 ஆக்கினால் அதே இடைவெளி 56 ஆகிறது.

சைட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். அந்தச் சந்திப்பில் கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு வரையும்போது கை தானாகவே கம்பியின் எண்ணிக்கையைக் குறைத்து வேறு வழி தேடும்.

அங்கே கம்பி கட்டியவர்கள் பெரும்பாலும் வங்காளத்திலிருந்து வந்தவர்கள். சூப்பர்வைசர் பேசுவது மலையாளம், வரைபடக் குறிப்புகள் ஆங்கிலம். வளையத்தின் முனையை 135 டிகிரி உள்பக்கமாக மடக்க வேண்டும். 90 டிகிரியோடு விட்டால் நிலம் அதிரும்போது மேல் கான்கிரீட் உதிர்ந்து வளையம் விரிந்துவிடும். இதைக் குறிப்பாக எழுதினால் யாரும் படிப்பதில்லை என்பது சேச்சிக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு தூண் வரைபடத்தின் மூலையிலும் அந்தக் கொக்கியை மட்டும் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக வரைந்து வைப்பார். சைட்டில் பார்த்தேன்: கம்பி வளைக்கும் பலகைக்குப் பக்கத்தில் அந்த மூலையை மட்டும் கிழித்து ஆணியடித்து வைத்திருந்தார்கள். வளையங்கள் அத்தனையும் சரியாக மடங்கியிருந்தன. வரைபடம் யாருக்காக வரைகிறோம் என்பதை எனக்கு அதைவிட நன்றாக யாரும் சொல்லித் தந்திருக்க முடியாது.

கவர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விழிஞ்ஞம் பக்கம் கடலோர வீடு ஒன்றைப் பழுதுபார்ப்பதற்காகப் பார்வையிடப் போனபோது, சன்ஷேடின் அடிப்பக்கம் தகடு தகடாகப் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் உள்ளிருந்தே கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். கடற்காற்று நேராகப் படும் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 கேட்பது 45 மி.மீ. கவரும் எம்30 என்ற தரத்துக் கான்கிரீட்டும். ஆனால் பல இடங்களில் கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்குக்குப் பதில் கைக்குக் கிடைத்த ஜல்லித் துண்டைத்தான் கம்பிக்கு அடியில் செருகுகிறார்கள். ஒரு மிதி மிதித்தால் அது நழுவிவிடும். குமரிக் கடற்கரை முழுக்க இந்தக் கதைதான். நம் ஊர்ப் பிள்ளைகள் சிவில் படித்துவிட்டு முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

அனுமதி வேலைகளும் கொஞ்சம் பார்த்தேன். பாறசாலையில் கட்டினால் கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகள் 2019, களியக்காவிளையில் கட்டினால் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019. பக்கவாட்டு இடைவெளியும் படிவங்களும் வேறு வேறு. எல்லையோரத்தில் தொழில் செய்ய நினைப்பவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பணம் பற்றிக் கேட்பீர்கள். சிறிய நிறுவனங்கள் பெரும்பாலும் ஸ்டைபண்ட் தருவதில்லை. பஸ் கட்டணம் நம் கையிலிருந்துதான். நீங்கள் பணம் கட்டினால் வராமலேயே சான்றிதழ் தருகிறோம் என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். கேம்பஸ் நேர்முகத்தில் "நீங்கள் பார்த்த கட்டடத்தில் கடைக்கால் என்ன அளவு, ஏன்?" என்று ஒரே ஒரு கேள்வி வந்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும்.

விண்ணப்பிக்க மின்னஞ்சலை மட்டும் நம்ப வேண்டாம். கல்லூரிக் கடிதத்தோடு நேரில் போங்கள். மாலை நேரம் நல்லது, காலையில் அவர்கள் சைட்டில் இருப்பார்கள். போகும்போது ஒரு டேப், ஒரு நோட்டு, அப்புறம் ஐ.எஸ். 456. முழுவதையும் படிக்க நேரமில்லை என்றால் 26-ஆம் பிரிவை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள். கவர், கம்பி இடைவெளி, லேப் நீளம் (இரண்டு கம்பிகளை இணைக்க ஒன்றோடொன்று சேர்த்து வைக்கும் நீளம்) மூன்றும் அதில்தான் இருக்கின்றன, முதல் வாரத்திலேயே கேட்பார்கள்.