களப்போரக் கொசுக்கடிக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: திருகோணமலை மாவட்டம் கிண்ணியாவில், குடாவின் சேற்றுக் கரையோரம் எங்கள் வீடு. பொழுதுபடும் நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய கொசுக்கள் கடிக்கின்றன. ஐந்து வயது மகளின் கால்களில் தடிப்பு ஒரு வாரமாகியும் ஆறவில்லை. நுளம்பு வலையும் பயன்படவில்லை. அருகிலுள்ள கண்டல் பற்றையை வெட்டி மருந்தடித்தால் தீருமா?

பதில்: தீராது; அந்த வேலையில் இறங்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். இவை நுளம்புகள் அல்ல, வேறு வகைச் சிறு கடிபூச்சிகள். இவற்றின் குடம்பிகள் ஈரச் சேற்றினுள்ளும் உக்கும் இலைகளுக்கு இடையிலும் வளர்கின்றன. ஆகவே, டெங்கு நுளம்புக்குச் செய்வதுபோலச் சிரட்டையையும் டயரையும் அகற்றுவதால் இவை குறையமாட்டா. புகையடித்தாலும் அந்நேரம் பறப்பவை மட்டுமே மடிய, சேற்றிலிருந்து அடுத்த கூட்டம் வெளிவந்துவிடும். சேற்றில் ஊற்றும் பூச்சிகொல்லியோ, உங்கள் அயலவர்கள் பிடித்துப் பிழைக்கும் இறாலையும் நண்டையும் அழித்துவிடும்.

கடிப்பவை பெண் கொசுக்கள் மட்டுமே. 1 முதல் 3 மில்லிமீற்றர் நீளமே உள்ளதால் சாதாரண வலையின் கண்ணுக்குள்ளால் நுழைந்துவிடுகின்றன. கண் மிக நெருங்கிய வலைத் துணியே தேவை. அது புழுங்கும்தான். ஆயினும், காற்றை எதிர்த்துப் பறக்க வலுவற்ற இப்பூச்சிகளுக்கு மின்விசிறியே நல்ல தடை என்பதால், மேசை விசிறியொன்றைப் பிள்ளையின் கால்மாட்டில் தாழ்வாக வைத்து ஓடவிடுங்கள். காற்று விழுந்த அந்தியிலும் விடியலிலும் முழுக்கால், முழுக்கைச் சட்டை அணிவியுங்கள். 20 முதல் 30 சதவீதம் டீட் என்னும் பூச்சிவிரட்டி மருந்து கலந்த பூச்சை, கை விரல்களையும் கண், வாய்ப் பகுதிகளையும் புண்ணையும் தவிர்த்து, நீங்களே பூசிவிடுங்கள். வேப்பிலைப் புகை சற்று உதவலாம். பிள்ளைக்கு மூச்சிழுப்பு இருந்தால் அதைக் கட்டாயம் தவிருங்கள்.

ஒரு வாரம் நீடிக்கும் தடிப்பு, பூச்சியின் உமிழ்நீருக்கு உடல் காட்டும் ஒவ்வாமை, அது அரிதல்ல. என் கவலை சொறிவதைப் பற்றியதே. நகத்தை ஒட்ட வெட்டி, குளிர்நீரில் நனைத்த துணியால் ஒற்றி, கலமைன் பூசுங்கள். அரிப்பால் தூக்கம் கெட்டால் ஒவ்வாமை மருந்தின் அளவை வைத்தியரிடம் கேட்டே கொடுங்கள். சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். வலியோ அரிப்போ இல்லாமல் வாரக்கணக்கில் ஆறாதிருக்கும் புண், மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியாசிஸாக இருக்கக்கூடும். இலங்கையில் அந்நோய் இருப்பதால், அத்தகைய புண்ணைத் தோல் நோய்ப் பிரிவில் காட்டிப் பரிசோதிக்க வேண்டும்.