கால்பந்தில் ஆஃப்சைடு என்றால் என்ன, அந்த விதி எதற்கு?

புதுச்சேரியில் இரவெல்லாம் விழித்து ஐரோப்பிய லீக் ஆட்டம் பார்ப்பவர்களுக்கும் அடிக்கடி வரும் சந்தேகம் இது: அழகாக விழுந்த கோலை ஏன் செல்லாது என்கிறார்கள்?

சக வீரர் பந்தை உதைக்கும் நொடியில், எதிரணியின் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி கோல் கோட்டுக்கு அருகில் நிற்பதுதான் ஆஃப்சைடு நிலை. கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர் என்பதால், பின்வரிசைத் தடுப்பாட்டக்காரரைக் கவனித்தால் போதும். அவருக்குச் சமமாக நின்றால் தவறில்லை. கை கணக்கில் வராது. தலை, உடல், கால் வரும். பந்து வந்து சேரும்போது எங்கே நிற்கிறார் என்பது பொருட்டே அல்ல. டீக்கடைச் சண்டைகளில் பாதி இதைக் கவனிக்காததால் வருபவை.

பஸ் நிலையத்துக்குள் பஸ் திரும்புமுன்பே சாலை முனையில் ஓடி ஏறி, ஜன்னலோர சீட்டில் துண்டு போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அதை அனுமதித்தால் எல்லோரும் முனைக்கே போய்விடுவார்கள். விதி இல்லாவிட்டால் ஆட்டத்திலும் ஒருவர் கோல் வாசலிலேயே குடியிருப்பார். மற்றவர்கள் பந்தை அவரிடம் தூக்கி அடிப்பதோடு சரி. விதி மிகவும் இறுகினாலும் ஆட்டம் வறண்டுவிடும். முன்பு எதிரணியினர் மூவர் குறுக்கே இருக்க வேண்டும். 1925இல் அதை இரண்டாகக் குறைத்ததும் கோல்கள் பெருகின.

ஆஃப்சைடு நிலையில் நிற்பதே குற்றம் என்று பலரும் நினைக்கிறார்கள். அங்கிருந்து பந்தைத் தொட்டாலோ எதிராளிக்கு இடையூறு செய்தாலோதான் விசில் ஊதப்படும்.